மூன்று சீருடை வீடும் ஒரு சௌர்ய சக்ராவும்

இந்திய விமானப்படையின் குரூப் கேப்டன் வருண் சிங்குக்கு 2021 சுதந்திர தினத்தை ஒட்டி சௌர்ய சக்ரா விருது அறிவிக்கப்பட்டது. அதற்குக் காரணமான நிகழ்வு 2020 அக்டோபர் 12 அன்று, அவர் விங் கமாண்டராக இருந்தபோது, ஒரு தேஜஸ் போர் விமானத்துக்குள் நடந்தது. விருது அறிவிக்கப்பட்ட ஆண்டிலேயே நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள ராணுவக் கல்லூரியில் பயிற்றுநராகப் பணியாற்றினார். அந்த ஆண்டு டிசம்பரில், கல்லூரிக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் விழுந்து எரிந்த ஹெலிகாப்டரில் இருந்த 14 பேரில் உயிரோடு மருத்துவமனையில் ஒரு வாரம் போராடியவர் அவர் ஒருவர்தான். உத்தரப் பிரதேசத்தில் வேர்விட்டு போபாலில் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை இப்படித்தான் குன்னூர் மலையோடு பிணைந்தது.

சௌர்ய சக்ரா போர்க்கள விருது அல்ல. எதிரி எதிரே இல்லாத நேரத்தில் காட்டிய துணிச்சலுக்கு இந்தியா மூன்று படிநிலைகளில் விருது தருகிறது: அசோகச் சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. 1952 ஜனவரியில் இவை ஏற்படுத்தப்பட்டபோது மூன்றுக்கும் ஒரே பெயர்தான். அசோகச் சக்ரா முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்றே சொன்னார்கள். துணிச்சலுக்கு ரயில் பெட்டி மாதிரி வகுப்புப் பிரிப்பது யாருக்கோ உறுத்தியிருக்க வேண்டும். 1967 ஜனவரியில் பெயர்கள் மாறின. மூன்றாம் வகுப்பு சௌர்ய சக்ரா ஆனது. வெண்கலத்தாலான வட்டப் பதக்கம், நடுவில் அசோகச் சக்கரம், அதைச் சுற்றித் தாமரை மாலை. பச்சை நாடாவை மூன்று ஆரஞ்சுக் கோடுகள் நான்காகப் பிரிக்கும். போர்க்கால வரிசையில் இதற்கு இணையான இடத்தில் இருப்பது வீர் சக்ரா.

விருதுடன் வெளியாகும் அரசுக் குறிப்பு ஒரே ஒருவரின் பெயரைச் சொல்லும். சில நிமிடச் செயலை விவரிக்கும். வீட்டைப் பற்றி அதில் ஒரு வரியும் இராது. இருக்கவும் கூடாது; விருது வீட்டுக்கு அல்ல. ஆனால் விமானப்படை விருதுகளின் பட்டியலைப் புரட்டினால் ஒரே குடும்பப் பெயர்கள் திரும்பத் திரும்பத் தட்டுப்படுகின்றன. அது ஏன் என்பது தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

வருண் சிங்கின் தந்தை கர்னல் கே.பி. சிங் ராணுவத்தின் வான் பாதுகாப்புப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பகை விமானத்தைத் தரையிலிருந்து சுட்டு வீழ்த்தும் பீரங்கிகளும் ஏவுகணைகளும் அந்தப் படையின் ஆயுதங்கள். விமானத்தைக் குறிவைப்பது தந்தையின் தொழில், விமானம் ஓட்டுவது மகனின் தொழில். இன்னொரு மகன் கடற்படை அதிகாரி. ஆக, தரை, வான், கடல் என மூன்று படைகளின் சீருடையும் ஒரே வீட்டுக் கொடியில் காய்ந்தன. குடும்பத்தின் பூர்விகம் உத்தரப் பிரதேசத்தின் தேவரியா மாவட்டக் கிராமம்.

படைவீரரின் பிள்ளைக்குச் சொந்த ஊர் என்பது பெரும்பாலும் காகிதத்தில் மட்டுமே இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை மாற்றல் உத்தரவு, பெயிண்டில் எண் எழுதிய மரப்பெட்டிகள், புதிய கன்டோன்மென்ட், புதிய பள்ளி. வருண் சிங் பள்ளிப்படிப்பை முடித்தது சண்டிகர் அருகே சண்டிமந்திரில் உள்ள ராணுவப் பொதுப் பள்ளியில். ராணுவத்தின் மேற்குக் கட்டளையகம் இருக்கும் ஊர் அது. அப்படி வளரும் பிள்ளைக்குச் சீருடை வியப்பான பொருள் அல்ல. அப்பா காலையில் போட்டுக்கொண்டு போகும் உடை. பதவிப் பெயர்களும் தோள்பட்டை நட்சத்திரங்களும் எழுத்துக் கூட்டத் தொடங்கும் வயதிலேயே பழகிவிடும். பக்கத்து வீட்டு மாமா திரும்பி வராமல் போவதும் அங்கே நடக்கக்கூடியதே.

தரைப்படையில் இந்தத் தொடர்ச்சிக்கு ஓரளவு முறையான வழியே உண்டு. தந்தை பணியாற்றிய ரெஜிமென்டைக் கேட்டு வாங்கும் உரிமை அதிகாரியாகத் தேறும் மகனுக்கு வழக்கத்தில் இருக்கிறது. முப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த பிபின் ராவத் 1978 டிசம்பரில் 11-வது கூர்க்கா ரைபிள்ஸின் 5-வது பட்டாலியனில் சேர்ந்தார். அவருடைய தந்தை லெப்டினன்ட் ஜெனரல் லட்சுமண் சிங் ராவத்தின் பட்டாலியனும் அதுவே.

விமானப்படையில் அப்படிக் கேட்டு வாங்க எதுவும் இல்லை. விமானி ஆக விரும்புகிறவர் ஒரு தகுதித் தேர்வை எதிர்கொள்கிறார். கருவிகளை வாசிக்கும் வேகம், கை, கால், கண் மூன்றும் இணங்கும் திறம் ஆகியவற்றை அது அளக்கும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுதலாம். தோற்றவர் ஏர் மார்ஷலின் மகனாக இருந்தாலும் அதன்பின் படையில் விமானி ஆக முடியாது. அதையும் தாண்டினால் மருத்துவச் சோதனை, பிறகு பயிற்சி நிலையிலேயே கழித்துக்கட்டும் பறத்தல் மதிப்பீடுகள். ஆகவே தந்தை மகனுக்கு விமானி இருக்கையை விட்டுப் போவதில்லை. அந்த இருக்கைக்கு ஆசைப்படுவது இயல்பானது என்ற எண்ணத்தை மட்டும் விட்டுப் போகிறார்.

இந்திய விமானப்படை 1932-ல் தொடங்கியது முதலே இந்தத் தொடர்ச்சி தெரிகிறது. ஆஸ்பி எஞ்சினியர் 1930-ல் ஆகா கான் பறத்தல் பரிசை வென்ற இளைஞர். இரண்டாம் உலகப் போரின்போது டி.எஃப்.சி. எனப்படும் பிரிட்டிஷ் பறத்தல் வீர விருதைப் பெற்று, 1960-ல் விமானப்படைத் தளபதியும் ஆனார். அவருடைய தம்பிகளும் அதே படைக்கு வந்தார்கள். மினூ எஞ்சினியருக்கும் டி.எஃப்.சி. கிடைத்தது. 1965 போரில் ட்ரெவர் கீலர், டென்சில் கீலர் என்ற லக்னோ சகோதரர்கள் இருவரும் நாட் விமானத்தில் பறந்து பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்தி ஆளுக்கொரு வீர் சக்ரா பெற்றார்கள். விமானப்படைக்கு இதுவரை கிடைத்த ஒரே பரம்வீர் சக்ரா நிர்மல்ஜித் சிங் செகானுடையது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் தனியொருவராகப் பல சேபர்களை எதிர்த்து மடிந்த அவர், தந்தையும் விமானப்படையில் இருந்த வீட்டுப் பிள்ளை.

தமிழகத்தில் இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம் 2019-ல் விங் கமாண்டராக இருந்த அபிநந்தன் வர்த்தமான். காஞ்சிபுரத்துக்கு அருகே திருப்பணமூரைப் பூர்விகமாகக் கொண்ட தமிழ்ச் சமணக் குடும்பம். பாட்டனார் விமானப்படையில் பணியாற்றியவர். தந்தை ஏர் மார்ஷல் சிம்மக்குட்டி வர்த்தமான் உடுமலை அருகே அமராவதி நகர் சைனிக் பள்ளியில் படித்து, சோதனை விமானியாகி, கிழக்குக் கட்டளையகத்தின் தலைவராக ஓய்வு பெற்றவர். மணிரத்னத்தின் 'காற்று வெளியிடை' படத்துக்கு விமானப்படை ஆலோசகராகவும் இருந்தார். மகன் 2019 பிப்ரவரி 27 அன்று மிக்-21 பைசனில் பறந்து, விமானம் வீழ்த்தப்பட்டு, பாகிஸ்தானில் சிறைப்பட்டு, மார்ச் 1 அன்று வாகா வழியே திரும்பினார். அந்த ஆண்டு சுதந்திர தினத்தை ஒட்டி அவருக்கு வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. அவர் எஃப்-16 விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார் என்பது இந்திய அரசின் நிலை. பாகிஸ்தான் அதை மறுக்கிறது. மூன்று தலைமுறையும் விமானப்படை என்பதில் யாருக்கும் மறுப்பில்லை.

வருண் சிங்கின் வீடு இந்த வரிசையில் சற்று மாறுபட்டது. அங்கே முன்னோடி விமானி இல்லை. படை உண்டு, பறத்தல் இல்லை. விமானத்தின் மேலிருந்த மோகம் முழுக்க அவருடைய சொந்தச் சம்பாத்தியம்.

தேசியப் பாதுகாப்பு அகாதெமி வழியாக விமானப்படைக்கு வந்து, போர் விமானியாகி, சோதனை விமானியாகத் தேறி, தேஜஸ் படையணிக்கு வந்து சேர்ந்தார். ககன்யான் விண்வெளிப் பயணத்துக்கு முதற்கட்டமாகத் தேர்ந்த 12 விமானிகளில் அவரும் ஒருவர். இறுதி நால்வரில் இடம்பெறவில்லை. அந்த நால்வரில் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் வெலிங்டன் கல்லூரியில் படித்தவர், கேரளத்தின் பிரசாந்த் நாயர் அங்கே பயிற்றுநராக இருந்தவர்.

தேஜஸ் பெங்களூரில் வடிவமைக்கப்பட்டது. 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்தது. அதற்கான முதல் படையணியான 45-வது அணி 2016-ல் பெங்களூரில் அமைந்து, பின்னர் கோவை அருகே சூலூருக்கு மாறியது. இரண்டாவதான 18-வது அணி 2020 மே 27 அன்று சூலூரிலேயே தொடங்கப்பட்டது. செகான் பறந்த அதே 18-வது அணி, இப்போது உள்நாட்டு விமானத்தோடு மறுபிறவி எடுத்தது. குன்னூர்க்காரர்களுக்குச் சூலூர் என்பது மலையடிவாரத்து விமான தளம். வெலிங்டனுக்கு வரும் பெரிய மனிதர்கள் வந்திறங்கும் இடம்.

தேஜஸின் ஒரு தன்மையைப் புரிந்துகொண்டால்தான் 2020 அக்டோபர் 12-ன் கதை விளங்கும். வால் பகுதியில் கிடைமட்டச் சிறகு இல்லாத, முக்கோண இறக்கை கொண்ட சிறிய விமானம் இது. பயணிகள் விமானம் காற்றில் சற்றுக் குலுங்கினாலும் தானாக நேராகிவிடும். அதன் வடிவமே அப்படி. போர் விமானத்துக்கு அந்த நிதானம் கூடாது. சட்டென்று திரும்ப வேண்டும். அதற்காகத் தேஜஸை வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைத்திருக்கிறார்கள். அதை நேராக வைத்திருப்பது விமானியின் கை அல்ல, நான்கு மடிப்பாக அமைந்த கணினிக் கட்டுப்பாடு. விமானி கோலை அசைக்கும்போது தான் விரும்புவதைத்தான் சொல்கிறார். எந்தச் சிறகுப் பலகை எவ்வளவு அசைய வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்து, ஒவ்வொரு வினாடியும் பலமுறை திருத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு பாதை பழுதானால் மற்றவை தாங்கும். கட்டுப்பாடே மொத்தமாகக் கைவிட்டால் மனிதனின் கைவேகம் அதற்கு ஈடாகாது.

அன்று வருண் சிங் மேற்கொண்டது சோதனைப் பறத்தல். விமானக் கட்டுப்பாட்டு அமைப்பிலும் விமானி அறையின் அழுத்த அமைப்பிலும் பெரிய பழுது நீக்கப்பட்டிருந்தது. சரியாகிவிட்டதா என்று வானில் பார்த்துச் சொல்ல வேண்டும். போர் இல்லை, எதிரி இல்லை, வேடிக்கை பார்க்க ஆளும் இல்லை. பழுது பார்த்த வண்டியை மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதைப் போன்ற அன்றாட வேலைதான், ஒற்றை ஆளாக, மிக உயரத்தில்.

உயரே போனதும் அறையின் அழுத்தம் குறைந்தது. 40,000 அடி உயரத்தில் ஆக்சிஜன் இல்லாமல் மனிதன் தெளிவாகச் சிந்திக்கக்கூடிய நேரம் 15 முதல் 20 வினாடி என்று விமான மருத்துவம் கணக்கிடுகிறது. முகமூடியில் ஆக்சிஜன் வந்தாலும் அழுத்தக் குறைவு உடலை வேறு வழிகளில் வதைக்கும்: மூட்டுகளில் வலி, குடலில் காற்று உப்பல், மங்கும் கவனம். வருண் சிங் கோளாறு எது என்பதைச் சரியாக அடையாளம் கண்டு, தரையிறங்குவதற்காக உயரத்தைக் குறைக்கத் தொடங்கினார். பாடப்புத்தகம் சொல்வதும் அதுவே.

இறங்கும் வழியில்தான் கட்டுப்பாட்டு அமைப்பு செயலிழந்தது. விமானம் உயரத்தை வேகமாக இழந்துகொண்டே மூக்கை மேலே தூக்கியும் கீழே குத்தியும் கட்டுக்கடங்காமல் ஆடியது. அதன் உடல் தாங்கக்கூடிய விசையின் எல்லை வரை அந்த ஆட்டம் போனது. விமானத்துக்கு எல்லை என்றால் உள்ளே இருப்பவருக்கும் எல்லைதான். மூக்கு மேலே ஏறும்போது உடல் எடை பல மடங்காகி இருக்கையில் அழுத்தும், ரத்தம் தலையை விட்டு இறங்கிப் பார்வை மங்கும். மூக்கு கீழே குத்தும்போது வாரில் தொங்கித் தலைக்கு ரத்தம் ஏறும். இரண்டும் மாறி மாறி நடக்கையில் கையைக் குறிப்பிட்ட பொத்தானுக்குக் கொண்டுபோவதே பெரும்பாடு. அந்த நிலையில் அவர் விமானத்தை மீட்டார்.

ஏறக்குறைய 10,000 அடியில் அது மீண்டும் கைவிட்டது. விருதுக்குக் காரணம் இந்த இரண்டாவது முறை என்றே சொல்ல வேண்டும். முதல் முறை நடந்ததை உடலின் பதற்றமும் பயிற்சியும் சேர்ந்து சமாளித்ததாகக் கொள்ளலாம். இரண்டாவது முறை நடந்தபோது இந்த விமானம் நம்பத்தக்கதல்ல என்பது அவருக்கு ஐயமறத் தெரியும். தரையும் பக்கத்தில் வந்துவிட்டது. இருக்கைக்கடியில் வெளியேற்றும் விசை இருந்தது. கைப்பிடியை இழுத்துக் குதித்திருந்தால் எந்த விசாரணையும் அவரைக் குறை சொல்லியிருக்காது. விதி அதற்கு இடம் தந்தது. அவர் குதிக்கவில்லை. மறுபடியும் கட்டுக்குள் கொண்டுவந்து, விமானத்தைச் சேதமின்றி ஓடுபாதையில் இறக்கினார். விமானம் முழுதாகத் திரும்பியதால் கோளாறின் மூலத்தைத் துல்லியமாக ஆராயவும் அது மறுபடி நேராதபடி தடுக்கவும் முடிந்தது என்று விருதுக் குறிப்பு சொல்கிறது.

இதன் எடையை அறிய அடுத்த சில மாதங்களைப் பார்க்க வேண்டும். 2021 ஜனவரி 13 அன்று மத்திய அமைச்சரவைக் குழு சுமார் 48,000 கோடி ரூபாயில் 83 தேஜஸ் விமானங்கள் வாங்க ஒப்புதல் தந்தது. மூன்று மாதங்களுக்கு முன் ஒரு தேஜஸ் நொறுங்கியிருந்தால் அந்த ஒப்புதல் நின்றுபோயிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதுவரை ஒருமுறைகூட விழாத விமானம் என்ற பெயர் தேஜஸுக்கு இருந்தது. முதல் விபத்து, நொறுங்கிய துண்டுகளிலிருந்து யூகிக்க வேண்டிய கோளாறு, அதற்காகத் தரையில் நிறுத்தப்படும் இரண்டு படையணிகள் என்று கதை வேறாகப் போயிருக்கும். தேஜஸின் முதல் விபத்து 2024 மார்ச் 12 அன்றுதான் ஜெய்சல்மர் அருகே நடந்தது. விமானி குதித்துத் தப்பினார்.

குரூப் கேப்டனாகப் பதவி உயர்ந்த வருண் சிங், வெலிங்டன் பாதுகாப்புப் படைப் பணியாளர் கல்லூரியின் பயிற்றுநர் குழுவில் சேர்ந்தார். உள்ளூரில் அதை யாரும் முழுப்பெயரில் சொல்வதில்லை. ஸ்டாஃப் காலேஜ் என்றால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார்.

நீலகிரி முழுவதும் ராணுவ மலை அல்ல. மேற்கே கூடலூர், ஸ்ரீமதுரை, தேவர்சோலை என்று வயநாட்டை நோக்கிச் சரியும் பகுதி தேயிலையும் காடும் வயலுமாகக் கிடக்கிறது. அங்கே ராணுவம் என்பது விடுமுறையில் வீட்டுக்கு வரும் சிப்பாய் மட்டுமே. ராணுவம் குடியேறியது கிழக்கே, குன்னூருக்கும் ஜெகதளாவுக்கும் இடையில். படுகர் ஊரான ஜெகதளாவின் பெயரால் ஜக்கதளா என்று பிரிட்டிஷ் ஆவணங்கள் அந்த இடத்தைக் குறித்தன. சமவெளி வெயிலிலும் காய்ச்சலிலும் வாடிய ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு 1850-களில் அங்கே பேரக்ஸ் கட்டினார்கள். பிறகு வெலிங்டன் பிரபுவின் பெயர் ஒட்டியது. 1758-ல் உருவான மதராஸ் ரெஜிமென்டின் மையம் 1947-ல் அங்கே வந்தது. 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்ற அதன் போர்முழக்கம் இன்றும் அந்தப் பயிற்சித் திடல்களில் கேட்கும்.

ஸ்டாஃப் காலேஜ் வெலிங்டனுக்கு வந்தது பிரிவினையால். 1905-ல் தேவ்லாலியில் தொடங்கிய பழைய கல்லூரி, 1907-ல் குவெட்டாவுக்குப் போயிருந்தது. 1947-ல் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போக, இந்தியா தன் பங்கு அதிகாரிகளுக்குப் புதிய இடம் தேடியது. பிரிகேடியர் எஸ்.டி. வர்மாவின் பொறுப்பில் வெலிங்டனில் கல்லூரி தொடங்கியது. முதலில் தரைப்படைக்கு மட்டும் என்றிருந்து, 1950-ல் முப்படைக்கும் உரியதாயிற்று. மேஜர் நிலையிலும் அதற்கு இணையான கடற்படை, விமானப்படை நிலைகளிலும் உள்ள அதிகாரிகள், நட்பு நாடுகளின் அதிகாரிகளோடு ஓராண்டுக்கு அருகில் இங்கே படிக்கிறார்கள். தேறியவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் பாதுகாப்பியலில் முதுகலைப் பட்டம் தருகிறது. மூன்று படைக்காரர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒருவர் மொழியை ஒருவர் கற்பதுதான் இங்கே பாடத்திட்டத்தின் சாரம். வருண் சிங்கின் வீட்டில் அது சாப்பாட்டு மேசையிலேயே நடந்த காரியம்.

இந்தக் கல்லூரியின் தலைவராக இருந்தவர்களில் சாம் மானெக்ஷாவும் ஒருவர். ஓய்வுக்குப் பின் குன்னூரிலேயே வாழ்ந்து, 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். அவர் வீட்டிலும் இதே கலவைதான். தந்தை முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவர், தம்பி ஜெமி விமானப்படை மருத்துவர். சாமும் லண்டனுக்குப் போய் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டார், தந்தை அனுப்பவில்லை. பிடிவாதத்தில் ராணுவத்துக்குப் போனவர் ஃபீல்டு மார்ஷல் ஆனார். குடும்ப மரபு சில சமயம் தடுப்பதன் மூலமும் வேலை செய்கிறது.

2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் இந்தக் கல்லூரியில் உரையாற்ற வந்தார். கல்லூரியின் சார்பில் அவரை வரவேற்கச் சூலூருக்குப் போனவர் வருண் சிங். சூலூரிலிருந்து எம்.ஐ.-17வி5 ஹெலிகாப்டர் முற்பகல் 11.48-க்குக் கிளம்பியது, 12.15-க்கு வெலிங்டனில் இறங்க வேண்டும். 12.08 அளவில் தொடர்பு அறுந்தது. சமவெளியில் இருந்து ஏறக்குறைய 6,000 அடி உயரத்துக்கு அரை மணி நேரத்துக்குள் ஏறும் பாதை அது. வடகிழக்குப் பருவத்தில் பள்ளத்தாக்குகளிலிருந்து மேகம் எந்த நேரத்தில் எழும்பி மலையை மூடும் என்று உள்ளூர்க்காரரும் சொல்ல முடியாது. காட்டேரிக்கு அருகே மலை ரயில் பாதையில் நின்ற சுற்றுலாப் பயணிகள் கைபேசியில் எடுத்த காட்சியில், ஹெலிகாப்டர் வெண்மேகத்துக்குள் நுழைந்து மறைகிறது. பிறகு சத்தம் மட்டும், அதுவும் நிற்கிறது.

விழுந்த இடம் காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரம் என்ற சிறு குடியிருப்பு. மரங்களை முறித்துக்கொண்டு சரிவில் விழுந்து தீப்பற்றியது. முதலில் ஓடிவந்தவர்கள் அங்கே குடியிருந்த கூலித் தொழிலாளிகள். குடத்திலும் வாளியிலும் தண்ணீர் எடுத்துவந்து ஊற்றினார்கள். காயம்பட்டவர்களைத் தூக்க வீட்டுக் கம்பளியையும் போர்வையையும் கொடுத்தார்கள். தீயணைப்பு வண்டி பக்கத்தில் வரப் பாதை இல்லை. வருண் சிங் பலத்த தீக்காயங்களோடு வெலிங்டன் ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பிபின் ராவத், அவருடைய மனைவி மதுலிகா, பிரிகேடியர் எல்.எஸ். லிட்டர், விமானி விங் கமாண்டர் பிருத்வி சிங் சவுகான் உள்ளிட்ட 13 பேர் அன்றே மாண்டார்கள்.

மறுநாள் உடல்கள் சாலை வழியாகச் சூலூருக்குப் போனபோது குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் தாண்டியும் மக்கள் சாலையோரம் நின்று ஆம்புலன்ஸ்கள் மேல் பூத்தூவினார்கள். யாரும் திட்டமிட்ட மரியாதை அல்ல. டிசம்பர் 13 அன்று ராணுவத்தின் தென்பிராந்தியத் தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் ஏ. அருண் நஞ்சப்பசத்திரத்துக்கு நேரில் வந்து நன்றி சொன்னார். ஓராண்டுக்கு அந்தக் குடியிருப்பை ராணுவம் தத்தெடுப்பதாகவும், மாதந்தோறும் மருத்துவரும் செவிலியரும் வருவார்கள் என்றும் அறிவித்தார்.

ஏர் மார்ஷல் மானவேந்திர சிங் தலைமையில் முப்படை விசாரணை நடந்தது. எதிர்பாராமல் வானிலை மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததும், அதனால் விமானிக்குத் திசை மயக்கம் ஏற்பட்டதுமே காரணம் என 2022 ஜனவரியில் வெளியான முதற்கட்ட முடிவு கூறியது. இயந்திரக் கோளாறு, நாசவேலை, அலட்சியம் மூன்றையும் அது விலக்கியது. நாடாளுமன்றக் குழுவின் 2024 அறிக்கையில் இந்த விபத்தின் காரணம் விமானக் குழுவினரின் பிழை என்று பதிவாகியிருக்கிறது.

வருண் சிங் விபத்துக்கு மறுநாள் பெங்களூரு விமானப்படை மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு, டிசம்பர் 15 அன்று இறந்தார். வயது 39. டிசம்பர் 17 அன்று போபாலில் ராணுவ மரியாதையுடன் தகனம் நடந்தது.

அவர் உயிருக்குப் போராடிய நாட்களில்தான் ஒரு கடிதம் வெளியே தெரிந்தது. விருது அறிவிக்கப்பட்ட பிறகு, 2021 செப்டம்பர் 18 அன்று, சண்டிமந்திர் பள்ளி முதல்வருக்கு அவர் எழுதியது. நன்றிக் கடிதம்தான், ஆனால் பேசியது மாணவர்களிடம். தாம் பள்ளியில் சராசரி மாணவர், பிளஸ் டூவில் முதல் வகுப்பைத் தொட்டதே பெரிது, விளையாட்டிலும் அப்படித்தான் என்று எழுதியிருந்தார். அகாதெமியிலும் பெரிதாக ஒளிரவில்லை. விமானத்தின் மேல் இருந்த ஆசை மட்டும் மற்றவர்களைவிடக் கூடுதல். இளம் அதிகாரியாகப் படையணிக்குப் போன பிறகுதான், மனம் வைத்தால் நன்றாகச் செய்ய முடியும் என்று புரிந்தது. எல்லாரும் தொண்ணூறு மதிப்பெண் வாங்க முடியாது, வாங்காதது வாழ்க்கையின் அளவுகோலும் அல்ல என்பது கடிதத்தின் செய்தி. பாராட்டைப் பள்ளிக்கும் அகாதெமிக்கும் விமானப்படைக்கும் பங்கிட்டிருந்தார்.

மூன்று படைகளின் சீருடையும் இருந்த வீட்டிலிருந்து வந்தவர், பிறவி வீரம், குடும்ப ரத்தம் என்றெல்லாம் அதில் எழுதவில்லை. பெரிய பெயருள்ள வீட்டில் பிறக்கும் பிள்ளைமேல் ஏறும் சுமை, தான் சராசரி என்று ஒப்புக்கொள்ள முடியாமல் போவது. அந்தச் சுமை இவர்மேல் ஏறவில்லை என்பதைக் கடிதமே காட்டுகிறது, கர்னல் கே.பி. சிங்கின் வீடு தன் மகனுக்குத் தந்ததில் மதிப்பு மிக்கது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

2021 டிசம்பர் 26 அன்று தமது மாதாந்திர வானொலி உரையில் பிரதமர் நரேந்திர மோடி இந்தக் கடிதத்தைக் குறிப்பிட்டு, அதன் பகுதிகளை நாட்டின் மாணவர்களுக்காக எடுத்துச் சொன்னார்.